இடது முன்சக்கரம்

ஜீப் வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு அது தேவையே இல்லை. வாங்கி வாசலில் நிறுத்திவிட்டு, அதற்குத் தகுந்த மேடு பள்ளம் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு போவார்கள். புதிதாக நல்ல சாலை போட்டால் எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கும், ஜீப்காரர் முகம் மட்டும் தொங்கிப்போகும். நம்ம சர்வேயரும் அந்த ரகம்தான்.

சர்வேயர் என்று சொல்வது பழக்கத்தில். நிலம் அளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிவிட்டது, பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. தெருவில் பாதிப் பேருக்கு அவருடைய நிஜப் பெயரே தெரியாது. ஜீப்பைத் தெரியும். காலையில் அது இருமிக்கொண்டு கிளம்பும் சத்தத்தில்தான் எதிர்வீட்டுப் பிள்ளைகள் எழுந்திருக்கும்.

அந்த வண்டிக்கு ஒரு பூர்வீகம் உண்டு. அதைச் சர்வேயரிடம் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள், மதியச் சாப்பாடு போய்விடும். நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வம்சத்து வண்டிகள் முதலில் சண்டைக்காகப் பிறந்தவை. சண்டை முடிந்ததும் வேலை போய்விட்டது. பட்டாளத்திலிருந்து திரும்பி வந்த ஆளுக்கு யாராவது வேலை கொடுத்துத்தானே ஆகவேண்டும்? விவசாயி கொடுத்தார், காட்டு இலாகா கொடுத்தது, நிலம் அளக்கிறவர்கள் கொடுத்தார்கள். அப்படித்தான் இந்த ஜீப்பும் சர்வேயருடைய ஆபீசுக்கு வந்து, அளவுச் சங்கிலியையும் கருவி வைக்கிற முக்காலியையும் சுமந்துகொண்டு, சாலையே இல்லாத இடங்களில் எல்லாம் உழைத்தது. கடைசியில் ஆபீஸ் அதைக் கழித்துக்கட்டி ஏலம் விட்டபோது சர்வேயர் எடுத்துக்கொண்டார். கூட வேலை பார்த்தவனைத் தெருவில் விட்டுவிட்டு வர மனசு வரவில்லை என்றார்.

“எனக்கு மாமியார் இல்லாத குறை இன்னைக்குத் தீர்ந்துச்சு” என்றார் அவருடைய மனைவி, வாசலில் நின்ற வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு.

அந்த அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் சர்வேயர் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஜீப் மாமியாரைப் போலத்தான் நடந்துகொண்டது. மழை வந்தால் டீச்சருடைய மடியில் மட்டும் குறிபார்த்து ஒழுகியது. குளிர்காலத்தில் கிளம்பமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஓடும்போது ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. “அதனாலதான் நமக்குள்ள சண்டையே வரல” என்பார் டீச்சர்.

இப்போது ஒரு விஷயத்தை விளக்கியாக வேண்டும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் காலத்து வண்டிகளில் ஒரு பொத்தானை அமுக்கினால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். பழைய ஜீப்பில் அந்தச் சொகுசெல்லாம் கிடையாது. நல்ல சாலையில் முன்சக்கரங்கள் சும்மா உருண்டுகொண்டு வரும், இழுப்பதெல்லாம் பின்சக்கரங்கள்தான். சேறோ மணலோ வந்தால் வண்டியை நிறுத்திக் கீழே இறங்க வேண்டும். முன்சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் ஹப் என்று ஒரு வட்ட மூடி இருக்கும். அதைக் கையால் திருப்பினால் அதிலுள்ள அம்புக்குறி ‘ஃப்ரீ’யிலிருந்து ‘லாக்’குக்கு வரும். அதற்குப் பிறகு உள்ளே வந்து கியரை மாற்றினால்தான் முன்சக்கரங்கள் வேலை செய்யும். நல்ல சாலைக்குத் திரும்பும்போது மறுபடியும் இறங்கி ஃப்ரீயில் வைத்துவிட வேண்டும். இதில் ஒரு சங்கடம் உண்டு. இரண்டு பக்கமும் திருப்ப வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் இஞ்சினின் பலமெல்லாம் திருப்பாத பக்கத்தில் வீணாகப் போய்விடும், இரண்டு முன்சக்கரமும் அசையாது.

ஜோடியாகப் போகிற ஜீப்காரர்களுக்குள் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. ஓட்டுகிறவர் வலது பக்கத்தைத் திருப்புவார், பக்கத்தில் இருப்பவர் இடது பக்கத்தைத் திருப்புவார். இடது பக்கத்து ஆள் முடித்ததும் பானெட்டில் இரண்டு தட்டு தட்டுவார். தட்டல் கேட்டால் புறப்படலாம் என்று அர்த்தம். யாரும் யாரையும் சரிபார்ப்பதில்லை, அது மரியாதைக் குறைவு.

சர்வேயர் வண்டியை நிறுத்தி, “டீச்சர், கொஞ்சம் இறங்குறீங்களா?” என்பார். டீச்சர் சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு துணியை எடுப்பார். கிழிந்துபோன தலையணை உறையிலிருந்து வெட்டிய துணி அது. இடது ஹப் எப்போதுமே கொஞ்சம் முரடு, வெறுங்கையால் திருப்பினால் வழுக்கும். துணியைச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு திருப்பு. அப்புறம் டப் டப் என்று இரண்டு தட்டு. பின்சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். குழந்தையாக இருந்தபோதும் அப்படித்தான், கல்லூரிக்குப் போகிற பெண்ணான பிறகும் அப்படித்தான்.

இத்தனை வருஷத்தில் சர்வேயர் இடது பக்கத்து ஹப்பை ஒரு முறைகூடத் தொட்டதில்லை. தொடவேண்டிய தேவை வரவில்லை.

டீச்சர் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. நோய் என்று தெரிந்ததற்கும் முடிந்ததற்கும் நடுவில் அதிக நாள் கிடைக்கவில்லை. சர்வேயர் அழுது தீர்த்திருந்தால் தேவலை. அவர் சமையலறையில் இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். காலையில் பேச ஆளில்லை. மத்தியானம் பேச ஆளில்லை. சாயங்காலம் கடைக்காரரிடம் தேவையில்லாத சாமானுக்கெல்லாம் விலை கேட்டார், அதுவும் ஒரு பேச்சுதானே என்று. சில நாள் போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொள்வார், இஞ்சினைப் போடாமலே. வீட்டில் அவரைவிட்டால் அந்த அம்மாவைத் தெரிந்தது அது ஒன்றுதான்.

மகள் வேறு ஊரில் பத்தாவது மாடியில் இருந்தாள். மாதத்துக்கு ஒருமுறை வருவாள். முதல் தடவை வந்தபோது அம்மாவின் துணிமணியை எடுத்துக் கட்டினாள், அடுத்த தடவை கண்ணாடி, செருப்பு, மருந்து டப்பா. அவள்மேல் குற்றமில்லை. யாராவது செய்துதான் ஆகவேண்டும், அப்பா செய்யப்போவதில்லை. கடைசியாக வந்தபோது வாசலில் நின்று ஜீப்பைப் பார்த்தாள்.

“அப்பா, இதைக் குடுத்துட்டு என்கூட வந்துடுங்க. வாங்குறதுக்கு ஆள் இருக்கு.”

“அங்க நிறுத்த எடம் இல்லன்னு சொன்னியே.”

“அதனாலதான் குடுத்துடுங்கன்னு சொல்றேன்.”

“நான் எதுக்கும்மா வரணும்? எனக்கு இங்க என்ன குறை?”

“குறை ஒண்ணும் இல்ல. நீங்க அந்த வண்டியில தனியா உக்காந்திருக்கிறதா எதிர்வீட்டு அக்கா போன் பண்ணி அழறாங்க. அவ்வளவுதான்.”

பேச்சு தடித்தது. இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே கோபம். வண்டி தன் கையில் நன்றாகத்தான் இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் போவேன் என்றார் சர்வேயர். மகளுக்குப் பொறுக்கவில்லை.

“எங்க வேணும்னாலும் போவீங்களா? ஏரிக்குப் போயிட்டு வாங்க பாப்போம். நீங்களும் அம்மாவும் போவீங்களே, அந்த மலைக்கு அந்தப் பக்கம். தனியாப் போயிட்டு, யாரையும் உதவிக்குக் கூப்பிடாம திரும்பி வாங்க. அதுக்கப்புறம் நான் வாயே தொறக்கல. முடியலன்னா வண்டி போயிடும், நீங்க என்கூட வந்துடணும்.”

முடியாது என்று சொல்வார் என்றுதான் நினைத்தாள். சர்வேயர் வெடுக்கென்று, “சரி” என்றார். சொன்ன பிறகு இரண்டு பேருமே கொஞ்சம் பயந்துபோனார்கள், ஆனால் யாரும் பின்வாங்கவில்லை.

மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டியபோது அவர் எண்ணெய் மாற்றி, பிரேக் பார்த்து, “உங்களைவிட வண்டி நல்லா இருக்கு சர்வேயரே” என்று சர்டிஃபிகேட் கொடுத்தார். ஒரு ஃப்ளாஸ்க் டீ, ரொட்டி, தண்ணீர், மண்வெட்டி. காலை வெளிச்சம் வந்ததும் கிளம்பினார்.

தார்ச் சாலையில் ஒன்றும் தெரியவில்லை. மலைப்பாதையில் ஏறும்போதுதான், ஒவ்வொரு குலுங்கலுக்கும் இடதுபக்கத்துச் சீட்டின் கம்பி கடகடவென்று ஆடுவதைக் கவனித்தார். ஆள் உட்கார்ந்திருந்தவரைக்கும் அது ஆடியதில்லை. ஃப்ளாஸ்க்கை எடுத்து அந்தச் சீட்டில் அழுத்தி வைத்துப் பார்த்தார், சத்தம் நிற்கவில்லை.

மலையைத் தாண்டியதும் பாதை ஒரு பள்ளத்தில் இறங்கும். எந்தக் காலத்திலும் காயாத களிமண் பள்ளம் அது. அதைத் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் ஏரி. பள்ளத்துக்கு முன்னால் ஒரு பெரிய பாறை. எப்போதும் அங்கேதான் நிறுத்துவார்கள். இப்போதும் நிறுத்தினார். இறங்கினார். வலது ஹப்பை லாக்கில் திருப்பினார். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

எதற்கோ காத்திருக்கிற மாதிரி இருந்தது. எதற்கு என்று பிடிபடவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். வயசாகிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு, கியரை மாற்றிப் பள்ளத்தில் இறக்கினார்.

பாதிப் பள்ளம்வரை வந்த வேகத்தில் வந்தது. அப்புறம் நின்றது. முடுக்கினார். பின்னால் சேறு வாரி அடித்ததே தவிர வண்டி நகரவில்லை. பின்னால் எடுத்துப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் இறங்கியது. சர்வேயருக்கு வியர்த்துவிட்டது. எத்தனையோ தடவை சிரித்துக்கொண்டே தாண்டிய பள்ளம். இதைவிட மோசமான மழையில், இதைவிட மோசமான டயரில் தாண்டிய பள்ளம்.

“நீயுமா?” என்று வண்டியைக் கேட்டார்.

மண்வெட்டியை எடுத்துச் சக்கரத்துக்கு முன்னால் இருந்த சேற்றை அள்ளினார். கல் பொறுக்கிப் போட்டார். மறுபடியும் ஏறி முடுக்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் ஒரு புது வண்டி வந்து பாறைக்குப் பக்கத்தில் நின்றது. பளபளவென்று, சேறே பார்க்காத வண்டி. ஒரு வாலிபன் இறங்கினான். பக்கத்துச் சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மாட்டிக்கொண்ட ஜீப்பைப் பார்த்துவிட்டு நிற்காமல் போகிறவன் ஜீப்காரனே இல்லை. அவனும் நின்றான், செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி வந்தான்.

“இன்னொரு தடவ முடுக்குங்க சார், பாக்குறேன்.”

முடுக்கினார். அவன் குனிந்து பார்த்தான்.

“பின்சக்கரம் ரெண்டும்தான் சுத்துது சார். முன்னாடி ரெண்டும் சும்மா நிக்குது. உள்ள ஏதோ உடைஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். எங்கிட்டக் கயிறு இருக்கு, அஞ்சு நிமிஷத்துல இழுத்துடலாம்.”

“வேண்டாம் தம்பி.”

“ஒண்ணும் சிரமம் இல்ல சார்.”

“சிரமத்துக்கு இல்ல. யார் உதவியும் இல்லாம வரேன்னு ஒரு எடத்துல சொல்லிட்டேன். வாக்கு குடுத்தாச்சு.”

வாலிபன் வண்டியைப் பார்த்தான், அவர் தலைமுடியைப் பார்த்தான். பைத்தியம் என்று நினைத்திருந்தாலும் முகத்தில் காட்டவில்லை. “நாங்க மேல் பாதையில சுத்திட்டு சாயங்காலம் இந்தப் பக்கமாத்தான் வருவோம். அப்பவும் இங்கேயே இருந்தீங்கன்னா நான் உங்களக் கேக்க மாட்டேன், கயித்தக் கட்டிடுவேன்” என்றான். அவர்கள் கிளம்பிப் போனபோது அந்தப் பெண் கண்ணாடியை இறக்கிக் கையை ஆட்டினாள். அதற்கப்புறம் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும்தான் இருந்தது.

முன்னால் இரண்டும் சும்மா நிற்கிறது. சர்வேயர் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டார். உள்ளே உடைந்திருந்தால் சத்தம் வந்திருக்குமே? வலது சக்கரத்துக்குப் போய்க் குனிந்தார். அம்பு லாக்கில்தான் இருந்தது. பானெட்டைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் கால் புதையப் புதைய, இடது பக்கத்துக்கு வந்தார்.

இடது ஹப்பின் அம்பு ஃப்ரீயில் இருந்தது.

முதலில் அவருக்குச் சிரிப்புதான் வந்தது. உலகத்தில் எந்தப் புத்திசாலியும் செய்யமுடியாத தப்பு இது. ஒரு பக்கம் திருப்பிவிட்டு, செத்துப்போன பெண்டாட்டி மறுபக்கம் திருப்புவாள் என்று ஏறி உட்கார்ந்திருக்கிறார். பாறைக்குப் பக்கத்தில் எதற்குக் காத்திருந்தார் என்பது இப்போது புரிந்தது. அந்த இரண்டு தட்டலுக்காக.

சரி, ஒன்றும் உடையவில்லை, திருப்பினால் தீர்ந்தது என்று கையை நீட்டினார். நீட்டிய கை நின்றுவிட்டது.

அம்பு சரியாக ஃப்ரீ குறியில் இல்லை. அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றிருந்தது. டீச்சர் எப்போதும் அப்படித்தான், கடைசிவரை திருப்பமாட்டார். மெக்கானிக்கூட ஒருதடவை சொல்லியிருக்கிறார், “அம்மா திருப்பினது பாத்தாலே தெரியும், ஒரு நூல் முன்னாடி நிறுத்திடுவாங்க” என்று. கணக்கு டீச்சர் ஒரு நூல் விடலாமா என்று சர்வேயர் கேலி செய்தால், “உங்கள மாதிரி அளந்து அளந்து நான் வாழ முடியாது” என்பார். கடைசியாக ஏரிக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது, உடம்பு சரியில்லாமலே இறங்கி, துணியைச் சுற்றித் திருப்பி வைத்த அம்பு இது. அதற்கப்புறம் யாரும் அதைத் தொடவில்லை. தொட வேண்டிய பாதையில் வண்டி போகவில்லை.

துணிமணி போய்விட்டது. கண்ணாடி போய்விட்டது. தலையணையில் இருந்த வாசனையும் போய்விட்டது. வீடு முழுக்கத் தேடியும் கிடைக்காதது, ஒரு வருஷமாக இந்தச் சக்கரத்தில் இருந்திருக்கிறது. டீச்சர் வைத்தபடியே, கையெழுத்து மாதிரி. இப்போது அதை இவரே கலைக்க வேண்டும்.

சர்வேயர் சேற்றிலேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். கலைக்காவிட்டால் சாயங்காலம் அந்தப் பையன் கயிறு கட்டுவான், வாக்கு போய்விடும், வண்டி போய்விடும். வாங்குகிறவன் முதல் நாளே இதைத் திருப்பிப் பார்ப்பான். கலைத்தால் வண்டி தங்கும், இது போய்விடும். எந்தப் பக்கம் கூட்டிப் பார்த்தாலும் இது போகத்தான் போகிறது. அதைப் புரிந்துகொள்ள அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. இடையில் அழுதார். கேட்க யாரும் இல்லாததால் சத்தமாகவே அழுதார்.

பிறகு எழுந்து, இடதுபக்கத்துக் கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டார். துணி இருந்தது. மடித்தபடியே, காய்ந்துபோய் மொரமொரவென்று.

துணியைச் சுற்றித் திருப்பினார். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை. இவ்வளவு முரட்டுத்தனமான ஹப்பையா அந்த அம்மா முனகாமல் திருப்பிக்கொண்டிருந்தார் என்று ஆச்சரியமாக இருந்தது. “இது இவ்வளவு கஷ்டம்னு ஒருநாளும் சொல்லலியே டீச்சர்” என்றார். மூன்றாவது தடவை ‘டக்’கென்று லாக்கில் விழுந்தது.

நேராக ஏறப்போனவர், நின்று, பானெட்டில் இரண்டு தட்டு தட்டினார். தட்டிவிட்டுச் சுற்றி வந்து தன்னுடைய சீட்டில் உட்கார்ந்தார். லேசாகத்தான் முடுக்கினார். நாலு சக்கரமும் சேர்ந்து பிடித்தன. ஜீப் ஒரு செருமல் செருமிவிட்டு, இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்பதைப் போல மேட்டில் ஏறி நின்றது.

ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி மகளுக்குப் போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“ஏரியில இருக்கேம்மா. யாரையும் கூப்பிடல. பள்ளத்தையும் தாண்டியாச்சு.”

“நிஜமாவா?” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “சரிப்பா. ஜெயிச்சுட்டீங்க. நீங்க தனியாவே சமாளிச்சுடுவீங்க. நான் இனிமே எதுவும் சொல்லல” என்றாள்.

இந்த வார்த்தைக்காகத்தான் வந்தார். காதில் விழுந்தபோது இனிக்கவில்லை. இனிமேல் அவரை வா என்று யாரும் சண்டை பிடிக்கமாட்டார்கள்.

போனை வைப்பாள் என்று நினைத்தார். அவள் வைக்கவில்லை.

“அப்பா, இடது பக்கம் யாரு இறங்குனா?”

“நான்தான்.”

“பானெட்டத் தட்டினீங்களா?”

“தட்டினேன்.”

“அப்பல்லாம் பின்சீட்டுல நான் தூங்கவே மாட்டேன்ப்பா. கண்ண மூடிட்டு அந்தச் சத்தத்துக்காகத்தான் காத்துட்டு இருப்பேன்” என்றாள். இரண்டு பேரும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பிறகு ஏரிக்காற்றில் இணைப்பு தானாக அறுந்துவிட்டது.

திரும்பும்போது பள்ளம் ஒரு தொல்லையும் கொடுக்கவில்லை. பாறைக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஹப்புகளைப் பழையபடி ஃப்ரீயில் வைக்க இறங்கினார். வலதுபக்கம் முடிந்தது. இடதுபக்கம் வந்து, துணியைச் சுற்றித் திருப்பி, குறிக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தினார். எட்டிநின்று பார்த்தார். டீச்சர் இவ்வளவு முன்னால் நிறுத்தமாட்டாரே என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் திருப்பினார். இப்போது கூடிப்போன மாதிரி இருந்தது. மறுபடியும் பின்னால் கொண்டுவந்தார். மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கருவிக்குள் பார்க்கிற பழக்கத்தில் பார்த்தார்.

மலையை அளந்திருக்கிறார், ஏரியை அளந்திருக்கிறார், யார் யாருடைய வேலிச் சண்டைக்கோ விரல்கடை நிலத்தைக்கூட விடாமல் அளந்து கொடுத்திருக்கிறார். காலையில் கண்ணெதிரே இருந்த அந்த ஒரு நூல் இடைவெளியை அளந்துவைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

மேல் பாதையிலிருந்து அந்தப் புது வண்டி இறங்கி வந்தது. வாலிபன் ஜீப் மேட்டில் நிற்பதைப் பார்த்து ஹாரன் அடித்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். சர்வேயரும் கையைத் தூக்கினார். அம்பு எங்கே நின்றதோ அங்கேயே விட்டுவிட்டு, துணியை மடித்து இடது சீட்டுக்கு அடியில் வைத்தார். ஏறி உட்கார்ந்து இஞ்சினைப் போட்டார். ஜீப் இனி அவருடையதுதான், யாரும் கேட்கப்போவதில்லை. இரண்டு பக்கமும் அவருடையது.